முதல் நிமிடத்தில் ஒரு கம்பம்

புதிதாக ஸ்டேஷன் மாஸ்டர் வேலைக்கு வந்திருக்கும் தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும் ஏதாவது சொல்லச் சொன்னார்கள். சிக்னலையும் பாயிண்டையும் பற்றிப் பாடம் எடுக்க வேறு ஆட்கள் இருக்கிறார்கள், என்னைவிட நன்றாகவே எடுப்பார்கள். நான் ஒரு மதியத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். மொத்தமாகப் பத்து நிமிடம்கூட இருக்காது. ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்த பிறகும், யாராவது போனை எடுக்காமல் அது அடித்துக்கொண்டே இருந்தால் எனக்கு உள்ளங்கை வேர்த்துவிடுகிறது. அந்த மதியத்தின் வேலை அது.

அப்போது திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவில் ஒரு சின்ன ஸ்டேஷனில் இருந்தேன். ஊர் பெயர் வேண்டாம். திண்டிவனத்தில் வீடு. காலை பாசஞ்சரில் போய் இறங்கினால் இருட்டுவதற்குள் திரும்பிவிடுவேன். எங்கள் ஸ்டேஷன் வழியாக இரண்டு லைன். ஒன்றில் விழுப்புரம் போகிற வண்டிகள், மற்றதில் சென்னை போகிற வண்டிகள். அன்று விழுப்புரம் லைனில் பழைய தண்டவாளத்தை எடுத்துவிட்டுப் புதிது போடும் வேலை. அதற்காக பிளாக் கொடுத்திருந்தோம். அதாவது வேலை முடியும்வரை அந்த லைனில் எந்த வண்டியும் வராது.

வேலை நடந்த இடம் ஸ்டேஷனிலிருந்து மூன்று கிலோமீட்டர். அங்கிருந்து பாதி தூரம் எங்கள் பக்கமாக இறக்கம். நடந்து போனால் சமதரை என்றுதான் சொல்வீர்கள், அவ்வளவு மெல்லிய இறக்கம். இறக்கம் முடிகிற இடத்தில் ஒரு லெவல் கிராசிங் கேட். கேட்டிலிருந்து ஸ்டேஷன் வரை மீதிப் பாதி சமதரை. கரும்பு வெட்டுக் காலம். ஆலைக்குப் போகிற டிராக்டர் எல்லாம் அந்தக் கேட் வழியாகத்தான் போகும். ஒரு லைனில் மட்டுமே வண்டி ஓடியதால் அன்று கேட் பெரும்பாலும் திறந்தே கிடந்தது. ரோட்டுக்காரர்களுக்குக் கொண்டாட்டம்.

சாப்பாட்டு டப்பாவைத் திறந்திருந்தேன். வேலை நடந்த இடத்திலிருந்து போன் வந்தது. அங்கே பொறுப்பில் இருந்த இன்ஜினியர் பேசினார். வேலைக்கு வந்து ஒரு வருடம் இருக்கும், மரியாதையான பையன்.

"மேடம், பதட்டப்படாதீங்க. ஒரு சின்ன விஷயம். டிராலி கொஞ்சம் நகந்துடுச்சு."

டிராலி என்றால் தண்டவாளத் துண்டுகளை ஏற்றிப் போகிற தட்டு வண்டி. நாலு சக்கரம், மேலே சட்டம், ஓரத்தில் ஒரு கை பிரேக். என்ஜின் கிடையாது. ஆட்கள்தான் தள்ளவேண்டும். அன்று அதன்மேல் டன் கணக்கில் இரும்பு.

"கொஞ்சம்னா எவ்வளவு?"

"ஒரு கம்பம் தூரம் போயிருக்கு. மெதுவாத்தான் போகுது மேடம். பசங்க பக்கத்துலயே நடந்து போய்க்கினு இருக்காங்க. ஏழுமலைன்னு ஒரு ஆளு டிராலி மேல ஏறி பிரேக்கை அழுத்திக்கினு இருக்கான். ஜல்லியை எடுத்துச் சக்கரத்துக்கு முன்னால போட்டாங்க, நசுக்கிட்டுப் போயிடுச்சு. ஆனா புடிச்சிடுவாங்க."

"நகர ஆரம்பிச்சு எவ்வளவு நேரம் ஆச்சு?"

"ஒரு நிமிஷம் இருக்கும். நிமிஷத்துக்கு ஒரு கம்பம்தான் மேடம். கேட் எங்கயோ இருக்கு. இருபத்தஞ்சு நிமிஷம் டைம் இருக்கு."

அவர் சொன்ன கணக்கு காதுக்கு நன்றாகத்தான் இருந்தது. மின்கம்பிக்கு நட்ட கம்பங்கள் அந்தப் பக்கத்தில் அறுபது மீட்டருக்கு ஒன்று. கேட்டுக்கு ஒன்றரை கிலோமீட்டர். இருபத்தைந்து கம்பம். நிமிடத்துக்கு ஒன்று என்றால் இருபத்தைந்து நிமிடம். நானும் ஒரு நொடி நிம்மதியாக மூச்சு விட்டேன். அப்போது போனில் பின்னாலிருந்து யாரோ கத்துவது கேட்டது. "என்ன சத்தம்?" என்றேன்.

"ஒண்ணுமில்ல மேடம், பசங்க ஓடறாங்க."

"நடந்தாங்கன்னு சொன்னீங்களே?"

 அவருக்கும் அந்த நொடியில்தான் புரிந்திருக்கவேண்டும்.

பக்கத்தில் நடந்தவர்கள் ஓடுகிறார்கள் என்றால் டிராலி ஒரே வேகத்தில் போகவில்லை. வேகம் கூடிக்கொண்டே போகிறது. நின்ற இடத்திலிருந்து கிளம்பி, ஒரே சீராக வேகம் கூடுகிற எதுவும், முதல் நிமிடத்தில் ஒரு பங்கு தூரம் போனால் இரண்டாவது நிமிடம் முடியும்போது இரண்டு பங்கில் இருக்காது, நான்கு பங்கில் இருக்கும். மூன்று நிமிடத்தில் ஒன்பது. நான்கில் பதினாறு. ஐந்து நிமிடத்தில் இருபத்தைந்து. உங்களில் பாதிப் பேர் இன்ஜினியரிங் முடித்தவர்கள். எஸ் ஈக்வல் டு ஹாஃப் ஏடி ஸ்கொயர் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வீர்கள். நானும் பி.எஸ்சி. இயற்பியல்தான். ஆனால் அந்த ஸ்கொயர் என்கிற சொல்லுக்கு நிஜத்தில் என்ன பொருள் என்று அன்றுதான் தெரிந்தது. கேட்டுக்கு இருபத்தைந்து நிமிடம் இல்லை. ஐந்து. அதிலும் ஒன்றரை நிமிடம் ஏற்கெனவே போய்விட்டது.

இன்ஜினியர் இன்னும் லைனில் இருந்தார். "அப்புறம் பேசறேன், ஏழுமலையைக் குதிக்கச் சொல்லிப் பசங்களைக் கத்தச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு வைத்தேன்.

இந்த இடத்தில் உங்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். அந்த நேரத்தில் கை தானாக கண்ட்ரோல் போனுக்குத்தான் போகும். மேலே இருப்பவரிடம் சொல்லிவிட்டால் பாரம் இறங்கிவிடும் போல இருக்கும். என் கையும் போனது. நடுவில் நிறுத்தி கேட் போனைச் சுழற்றினேன். மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. அடிக்கும்போதே மறு கையால் சென்னை லைன் சிக்னல்களைச் சிவப்புக்குத் திருப்பினேன். விழுப்புரத்திலிருந்து ஒரு எக்ஸ்பிரஸ் கிளம்பி வந்துகொண்டிருந்தது. டிராலி எங்கே கவிழ்ந்தாலும் அதன்மேல் இருக்கிற இரும்பு பக்கத்து லைனில்தான் சிதறும்.

மணி இன்னும் அடித்தது. கேட் கீப்பர் அமுதா காணைப் பக்கத்துப் பெண். கெட்டிக்காரி. போனை விட்டு நகரமாட்டாள். ஏன் எடுக்கவில்லை? எடு, எடு என்று வாய்விட்டே சொல்லிக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது, ஸ்டேஷனில் எனக்கு உதவிக்கு இருந்த பாயிண்ட்ஸ்மேன் பாபு உள்ளே ஓடிவந்து என்னைப் பார்த்தான்.

"சொல்லுங்கம்மா," என்றாள் அமுதா, மூச்சிரைக்க.

"அமுதா, கேட்டைச் சாத்து. விழுப்புரம் லைன்ல டிராலி ஒண்ணு உருண்டு வருது. தானா வருது."

"அது பிளாக்குல இல்ல கீது?"

"பிளாக்குலதான். அதான் சொல்றேன். மூணு நிமிஷம் வெச்சிக்கோ."

"அய்யோ, கேட்டுக்கு நடுவுல கரும்பு டிராக்டர் நிக்குதும்மா. எதிர்ல டவுன் பஸ்ஸு வந்து மூஞ்சியை நீட்டிக்கினு நிக்குறான். ரெண்டு பேரும் நகர மாட்றானுங்க. அங்கதாம்மா சண்டை போட்டுக்கினு இருந்தேன்."

"பஸ்ஸைப் பின்னால எடுக்க வை. டிராக்டரால பின்னால போக முடியாது, டிரெய்லர் மடங்கிக்கும். பஸ்ஸை எடு."

"சரிம்மா."

அவள் போனை வைக்கவில்லை. கீழே போட்டுவிட்டு ஓடியிருக்கிறாள். ரிசீவர் தொங்கியபடி சுவரில் மோதுகிற டக் டக் சத்தம் கேட்டது. அதற்குப் பின்னால் ஹாரன். அவள் குரல், "யோவ், வண்டி வருதுய்யா! ஜல்தி ரிவர்ஸ் எடுய்யா!" என்று. யாரோ ஒருவன், "கேட்டே சாத்தல, எங்கம்மா வண்டி வருது?" என்று.

ஒரு காதில் அதை வைத்துக்கொண்டு மறு காதில் கண்ட்ரோலுக்குச் சொன்னேன். கண்ட்ரோலில் இருந்தவர் அனுபவசாலி. தயங்கவே இல்லை.

"கேட்டுக்கு முன்னாடியே கவுத்துடுங்க மேடம். தண்டவாளத்து மேல கட்டை ஏதாவது போடச் சொல்லுங்க. கேட்ல ஜனம் இருக்கு."

"மேல ஆள் இருக்கு சார்."

"குதிக்கலையா?"

"தெரியல சார்."

 பிறகு, "பஸ்ல எத்தனை பேர் இருக்காங்க மேடம்?" என்றார். அவர் கெட்டவர் இல்லை. அவர் கேட்டது சரியான கேள்வி. அதனால்தான் எனக்குக் கோபம் வந்தது.

"கேட் காலியாயிட்டா கவுக்கவே வேண்டாம் சார். கேட்டைத் தாண்டினா சமதரை. லைன்ல வேற வண்டி இல்ல. தானா நிக்கும்."

"நிக்கும்னு எப்படிச் சொல்றீங்க? ஸ்டேஷனுக்குள்ள வந்து ஏறினா?"

அதற்கான கணக்கை அப்போதுதான் மனதில் போட்டுக்கொண்டிருந்தேன். ஐந்து நிமிடத்தில் ஒன்றரை கிலோமீட்டர் என்றால் கேட்டைத் தாண்டும்போது டவுன் பஸ் வேகம் இருக்கும். அந்தச் சரிவில் பிரேக்கும் உரசலும் இல்லாத வண்டி அதே நேரத்தில் இதைப்போல இரண்டு மடங்கு வேகம் பிடித்திருக்கும். சரிவு இழுக்கிற இழுப்பில் பாதியை ஏழுமலையின் கை பிரேக்கும் சக்கரத்தின் உரசலும் சேர்ந்து தின்றுகொண்டிருந்தன. சமதரைக்கு வந்தால் இழுப்பு போய்விடும். பிடிக்கிற பாதி மட்டும் இருக்கும். அப்படியானால் வேகம் ஏறுவதற்கு எவ்வளவு தூரம் ஆனதோ, ஏறக்குறைய அவ்வளவு தூரம் இறங்குவதற்கும். கேட்டிலிருந்து ஒன்றரை கிலோமீட்டர். சரியாக என் பிளாட்பாரம் ஆரம்பிக்கிற இடம்.

ஆனால் அந்தக் கணக்கில் ஏழுமலை பிரேக்கை விடவே கூடாது. குதித்துவிட்டால் அவர் பிழைக்கலாம், டிராலி நிற்காது. நான்தான் அவரைக் குதிக்கச் சொல்லச் சொன்னேன்.

"பிளாட்பாரத்துக்குக் கொஞ்சம் முன்னால நிக்கும் சார். நிக்கலைன்னாலும் லைன் காலியா இருக்கு."

"உங்க பொறுப்பு மேடம்."

"சரி சார்."

பாபுவிடம், "பிளாட்பாரத்துல இருக்கறவங்க எல்லாரையும் ரோட்டுப் பக்கம் அனுப்பு. ஒருத்தர் இருக்கக்கூடாது" என்றேன். கணக்குப்படி முன்னாலேயே நிற்கவேண்டும் என்றாலும் சொன்னேன். கணக்கு என்னிடம் இருந்த விவரத்துக்கு மட்டும்தான் சரி. பிரேக் கட்டை எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று எனக்குத் தெரியாது. தெரியாததுக்கும் இடம் விடவேண்டும்.

அதற்குள் கேட் போனில் அமுதாவின் குரல். "அம்மா, பஸ்ஸுக்குப் பின்னால மோட்டார் சைக்கிள் எல்லாம் அண்டிக்கினு நிக்குது. பின்னால போக முடியலைன்றான். டிராலி தெரியுதும்மா. அதோ வளைவுல வருது. மேல ஒரு ஆள் உக்காந்துக்கினு கீறாரு."

அவர் குதிக்கவில்லை.

"அமுதா, கேபின் பக்கத்துல பழைய ஸ்லீப்பர் கட்டை கிடக்கும் இல்ல?"

"கிடக்குதும்மா."

"யாரையாவது விட்டு, டிராலி வர்ற பக்கமா, கேட்டுலேர்ந்து தள்ளி, தண்டவாளத்துக்குப் பக்கத்துல கொண்டு போய் வைக்கச் சொல்லு. மேல வைக்க வேணாம். டிராக்டர் தாண்டலைன்னா..."

மீதியை நான் சொல்லவில்லை. அவள் கேட்கவும் இல்லை. "சரிம்மா" என்று மட்டும் சொன்னாள். ரிசீவர் மறுபடி சுவரில் மோதியது.

அதற்குப் பிறகு என்னால் செய்யக்கூடியது ஒன்றும் இல்லை. ஒரு சின்ன அறையில் நின்றுகொண்டு ஒன்றரை கிலோமீட்டருக்கு அப்பால் நடப்பதைக் காதால் கேட்பது எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்லத் தெரியவில்லை. ஹாரன். ஆண்கள் நாலைந்து பேர் சேர்ந்து, "தூக்கு, தூக்கு, வண்டியைத் தூக்கி ஓரம் போடு" என்றார்கள். மோட்டார் சைக்கிள்களைத் தூக்குகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். பஸ் கியர் மாறுகிற சத்தம். அமுதா ஒரே வார்த்தையைத் திரும்பத் திரும்பக் கத்தினாள், "வா, வா, வா" என்று. டிராக்டர் உறுமியது. ஒரு பெண் வீறிட்டாள். பிறகு மற்ற எல்லாச் சத்தத்தையும் அமுக்கிக்கொண்டு இரும்புமேல் இரும்பு உரசுகிற கிறீச் சத்தம், பெரிதாகி, இன்னும் பெரிதாகி, சட்டென்று குறைந்தது.

 "அமுதா" என்றேன். "அமுதா, அமுதா."

ரிசீவரை எடுத்தாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை.

"தாண்டிடுச்சும்மா. டிரெய்லர்ல இருந்து ரெண்டு கரும்புதான் அடிபட்டுது. வேற ஒண்ணும் இல்ல."

"அவரு?"

"கீறாரும்மா. கையை எடுக்கல. எங்களைத் திரும்பிக்கூடப் பாக்கல."

நான் வெளியே ஓடினேன். பிளாட்பாரம் காலியாக இருக்கவேண்டும். இல்லை. ஒரு பெரியவர் பெஞ்சில் உட்கார்ந்து பாபுவிடம், "எந்த வண்டி வருது, ஏன் போர்டு போடல?" என்று வாதாடிக்கொண்டிருந்தார். இரண்டு காலேஜ் பெண்கள் படம் எடுக்க செல்போனோடு நின்றிருந்தார்கள். நான் அவர்களைத் திட்டிய திட்டு என் வாயிலிருந்து அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை. போனார்கள். பெரியவரை பாபு கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனான்.

பிளாட்பாரத்தின் முனையில் நின்று பார்த்தேன். வெயிலில் தண்டவாளம் தகதகத்தது. தூரத்தில் ஒரு கறுப்புப் புள்ளி. நேராக நம்மை நோக்கி வருகிற ஒன்றை வைத்து, அது வேகம் குறைகிறதா கூடுகிறதா என்று கண்ணால் சொல்லவே முடியாது. பெரிதாகிக்கொண்டே வருவது மட்டும்தான் தெரியும். நானும் கம்பங்களை எண்ணினேன். ஒரு கம்பத்துக்கும் அடுத்த கம்பத்துக்கும் நடுவில் என் மூச்சை எண்ணினேன். மூன்று. அடுத்ததுக்கு மூன்று. அடுத்ததுக்கு நான்கு இருக்குமோ என்று தோன்றியது. என் மூச்சே வேகமாகிக்கொண்டிருந்தால் இந்த எண்ணிக்கைக்கு என்ன மதிப்பு என்றும் தோன்றியது.

பிளாட்பாரம் ஆரம்பிக்கிற இடத்தில் நிற்கவில்லை. என்னைத் தாண்டி உள்ளே போனது. சூட்டில் பிரேக் பிடிப்பு குறைந்துவிட்டது என்று பிறகு சொன்னார்கள். ஓட்ட வேகத்தில் போனது, பிறகு நடை வேகத்தில். அந்தப் பெரியவர் உட்கார்ந்திருந்த பெஞ்சுக்கு நேராக வந்து, ஒரு முனகலோடு நின்றது. கட்டியிருந்த தண்டவாளத் துண்டு ஒன்று முன்னால் நழுவி, பிளாட்பாரத்தின் மேல் நீட்டிக்கொண்டிருந்தது.

ஏழுமலை பிரேக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்து, அதன்மேல் நெஞ்சைச் சாய்த்திருந்தார். கண் திறந்துதான் இருந்தது.

"ஏழுமலை, நின்னுடுச்சு. கையை எடுங்க."

"நிக்கல மேடம்."

"நின்னுடுச்சு. கீழ பாருங்க."

"போய்க்கினுதான் கீது மேடம். விட்டா போயிடும்."

பாபு இரண்டு கட்டைகளைக் கொண்டுவந்து சக்கரத்துக்கு முன்னால் ஒன்றும் பின்னால் ஒன்றும் செருகி, "அண்ணா, பாரு, முட்டு குடுத்துட்டேன்" என்றான். அப்போதும் விடவில்லை. நான் தண்டவாளத்தில் இறங்கி, அவர் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தேன். உள்ளங்கைத் தோல் கம்பியோடு ஒட்டியிருந்தது. கீழே இறக்கி உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்த பிறகுதான் பேசினார்.

"குதிக்கலாம்னுதான் மேடம் நெனச்சேன். குதிக்கலாம்ன்றப்போ நடக்கற வேகம். இவ்ளோதானே, புடிச்சிடலாம்னு இருந்துட்டேன். குதிச்சே ஆவணும்னு தோணறப்போ கீழ பாத்தா ஜல்லி கோடு கோடா ஓடுது. அதுக்கப்புறம் கையை விட பயம்."

விசாரணை நடந்தது. சரிவில் டிராலியை நிறுத்தும்போது சக்கரத்துக்கு முட்டு கொடுக்காதது ஏன் என்பதுதான் முக்கியமான கேள்வி, அது அங்கே வேலை பார்த்தவர்களைப் பற்றியது. என்னிடமும் கேட்டார்கள். கண்ட்ரோல் சொன்னதை ஏன் கேட்கவில்லை என்றார்கள். சொன்னேன். அமுதாவிடம் கட்டையை எடுத்து வைக்கச் சொன்னதையும் சொன்னேன். எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு, இரண்டும் சரியான முடிவுதான் என்றார்கள். அந்த இன்ஜினியர் தம்பி வெளியே வந்து, "மேடம், நான் இருபத்தஞ்சுன்னு சொன்னேன்ல" என்றார்.  அவரை நான் குறை சொல்லமாட்டேன். அவர் பார்த்த ஒரு நிமிடத்தில் அது உண்மையாகவே மெதுவாகத்தான் போனது.

உங்களுக்கும் ஒருநாள் இப்படி ஒரு போன் வரும். டிராலியாக இருக்கவேண்டியதில்லை. யாராவது, ஒன்றும் அவசரமில்லை என்பார்கள். எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று கேட்காதீர்கள். வேகம் கூடுகிறதா என்று கேளுங்கள். கூடுகிறது என்றால், அவர்கள் சொன்ன நேரத்தை மறந்துவிட்டுப் புதிதாகக் கணக்குப் போடுங்கள். எவ்வளவு நேரம் இருக்கிறது என்பதைக் கணக்கு சொல்லிவிடும். அந்த நேரத்தை யாருக்குக் கொடுப்பது என்பதைச் சொல்லாது.

கொஞ்ச நாள் கழித்து ஏழுமலையின் மனைவி ஸ்டேஷனுக்கு வந்தார். பெருமுக்கல் பக்கம் அவர்கள் ஊர். பஸ் மாறி வந்திருந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"கட்டையைப் போட்டுக் கவுத்துடுங்கன்னு மேலேர்ந்து சொன்னாங்களாமே. முடியாதுன்னுட்டீங்களாமேம்மா. எங்க வூட்டுக்காரரு சொல்லிச் சொல்லி மாஞ்சி போறாரு."

 அமுதாவிடம் பாதியில் விட்ட என் வாக்கியம் அவருக்குத் தெரியாது. தெரிந்த அமுதா அதைப் பற்றி என்னிடம்கூடப் பேசியதில்லை. டிராக்டர் தாண்டாமல் இருந்திருந்தால் இந்தப் பெண் இன்று எங்கே, யார் முன்னால் நின்றிருப்பார் என்று நினைத்தேன். அவர் ஒரு மஞ்சள் பையை மேசைமேல் வைத்தார். மண் போகக் கழுவிக் காயவைத்த மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை.

வேண்டாம் என்று சொல்லியிருப்பேன். ஆனால் ஏன் என்று கேட்பார், அதைச் சொல்லவேண்டிவரும்.

"வூட்ல புள்ளைங்களுக்கு வேகவெச்சிக் குடுங்கம்மா," என்றார்.

வாங்கிக்கொண்டேன்.